கனடா வாத்தும் பெட்டிப் பறையும்: திருச்சூர்க் கோள் நிலத் தோணிப் பயணம் பற்றி

துண்டறிக்கையின் முகப்பில் அச்சாகியிருந்த வாத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையும் கழுத்தும் கறுத்து, பல்வலிக்குக் கட்டுப் போட்டதுபோல் தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டையோடு நிற்கும் அந்தப் பறவை கனடா வாத்து. திருச்சூர்க் கோள் நிலத்துக்கு அது வருவதே இல்லை. யாரோ இணையத்தில் ‘சதுப்பு நிலம், வாத்து’ என்று தேடி, முதலில் கிடைத்த படத்தை ஒட்டிவிட்டார்கள். ஆனால் அந்த வாத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மகள் கனடாவில் வின்னிபெக் நகரில் வசிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஊருக்கு வடக்கே உள்ள ஓக் ஹம்மாக் சதுப்பு நிலத்துக்கு அழைத்துச் சென்றாள். அந்தப் புல்வெளி நாட்டுச் சதுப்பு மனத்தில் இருந்ததால்தான் இந்தத் தோணிப் பயணத்துக்குப் பணம் கட்டினேன்; அதை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டையும் எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்துகிறவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பாலக்காட்டுக் கணவாயின் மழை குறைந்த கிழக்குப் பக்கம். பனையும் ஆழ்துளைக் கிணறும்தான் எங்கள் நிலக்காட்சி. கேரளத்தில் இருந்துகொண்டே தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊர் என்று சொன்னால் திருச்சூர்க்காரர்கள் நம்புவதில்லை. சித்தூரில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் மனைவியும் பக்கத்து வீட்டுப் பையனும் விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பி, ஆறு மணிக்கு முன்பாகவே திருச்சூருக்கு மேற்கே அவர்கள் சொன்ன வரம்படியில் போய் நின்றோம். ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். நான்கு மணி நேரம். தோணி, வழிகாட்டி, காலைப் புட்டும் கடலைக் கறியும், வாடகைத் தொலைநோக்கி ஆகிய எல்லாம் அதில் அடக்கம். தமிழில் விளக்கம் உண்டு என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தார்கள்.

கோள் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கிரகமோ புறங்கூறுவதோதான் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது அபரிமிதமான விளைச்சலைக் குறிக்கும் சொல். தெற்கே சாலக்குடிப் புழைக்கும் வடக்கே பாரதப் புழைக்கும் இடையில், திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் சுமார் 13,600 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் இந்தத் தாழ்நிலம் கடல்மட்டத்துக்கும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கீழே இருக்கிறது. கேச்சேரிப் புழையும் கருவன்னூர்ப் புழையும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தை வாங்கி, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் ஏரியாகவும் மீதி நாள் வயலாகவும் இருப்பது அதன் இயல்பு. வேம்பநாட்டோடு சேர்த்து 2002-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வளவும் துண்டறிக்கையிலேயே இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. வாத்து மட்டும்தான் தவறு.

தமிழ் விளக்கம் தருவதாகச் சொன்ன இளைஞர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அந்தத் தாமதமே எங்களுக்கு நன்மையாக முடிந்தது. தோணிக்காரச் சேட்டன் எங்களைக் காக்க வைக்க மனமில்லாமல் தாமே அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அறுபதைத் தாண்டிய வயது. அறுவடை இயந்திரங்களோடு ஆண்டுதோறும் சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வரும் ஆட்களோடு பழகிக் கற்ற தமிழ் அவருடையது. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் ‘மாஷே’ என்று கூப்பிடத் தொடங்கினார். இளைஞராக இருந்தபோது தண்ணீர் இறைக்கும் பெட்டிப் பறையில் வேலை பார்த்தவர் என்பதைப் பேச்சினிடையே தெரிந்துகொண்டேன். இந்தப் பயணத்துக்கு நான் கொடுத்த தொள்ளாயிரத்தில் எழுநூறாவது அவருக்குத்தான் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். உண்மையில் அவருக்கு எவ்வளவு போகிறதென்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அவர் முதலில் நிறுத்திய இடம் பறவைகள் கூடும் இடமன்று. ஒரு பெட்டிப் பறை ஓடிக்கொண்டிருந்த வரம்பு. கோள் நிலம் முழுவதும் வரம்புகளால் படவு படவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படவிலிருந்தும் வெள்ளத்தை வடித்துப் பக்கத்துக் கால்வாயில் தள்ளினால்தான் நாற்று நட முடியும். பழங்காலத்தில் ஆட்கள் ஏறி மிதிக்கும் சக்கரங்களைக் கொண்டு இறைத்தார்கள். பின்னாளில் வந்தது பெட்டிப் பறை: செங்குத்தாக நிற்கும் மரப் பறைக்குள் மோட்டாரால் சுழலும் இறக்கைகள், அவை மேலேற்றும் தண்ணீரைக் கால்வாய்க்குக் கொண்டுபோகும் நீண்ட மரப்பெட்டி. தண்ணீரை உயரே ஏற்ற அதனால் ஆகாது. ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவாகத் தூக்கி, கோவில் குளம் உடைந்ததுபோல் மறுபக்கம் தள்ளும். அதன் வாயருகே தண்ணீர் பழுப்பு நுரையோடு புரண்டு விழ, அந்த நுரைக்குள் விரற்கடை நீள மீன்கள் தலைசுற்றி மிதக்க, மீசை ஆலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வந்து கொத்திக்கொண்டு எழும்பின. சின்னக் கொக்குகள் பெட்டியின் விளிம்பிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்த வரிசையில் இடம் பிடிக்க ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்ட விதம் ரேஷன் கடையை நினைவூட்டியது.

“இந்தத் தண்ணிக்கு ஒரு கணக்கு உண்டு மாஷே. இறங்காட்டி நெல்லும் இல்ல, பட்சியும் இல்ல” என்றார் சேட்டன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஓக் ஹம்மாக்கில் கண்ணாடிக் கூடத்துக்குள் படங்களும் மாதிரிகளும் வைத்து எனக்கு விளக்கினார்கள். அங்கே ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே பனி உருகி வெள்ளம் புறப்படும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். போக வழியில்லாத தண்ணீர் மேசைபோன்ற சமவெளியில் பரவி நிற்கும். 1997-ல் வந்த பெருவெள்ளத்தை அங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் 470 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் சதுப்பை வடிகால் வெட்டி ஏறக்குறைய முழுவதும் வயலாக்கிவிட்டார்கள். எஞ்சியதைச் சுற்றி 1970-களில் கரை எழுப்பி மீட்டெடுத்த பகுதிதான் இன்றைய ஓக் ஹம்மாக். சுற்றியுள்ள காப்பு நிலத்தோடு சேர்த்து 36 சதுர கிலோமீட்டர் வரும். அங்கும் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மதகு வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு பகுதியைக் காயவிடுகிறார்கள். இயற்கைச் சரணாலயத்தில் எதற்குத் தண்ணீரை வடிக்கிறார்கள் என்று அன்று எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது.

புல்வெளிச் சதுப்பு ஒரே நிலையில் நின்றால் சாகும் என்பது அதற்குப் பதில். சம்பும் கோரையும் தண்ணீருக்குமேல் தலைநீட்டி வளர்ந்தாலும், அவற்றின் விதைகளில் பெரும்பாலானவை ஆழமான தண்ணீருக்கடியில் முளைப்பதில்லை. சேறு வெளியே தெரிந்தால்தான் முளைக்கும். வறட்சி வந்து சேறு வெடிக்கும்போது பல ஆண்டுகளாக உறங்கிய விதைகள் ஒன்றாக எழும்பும். மழை திரும்பினால் அவற்றில் நீரைத் தாங்கும் வகைகள் நின்று வாத்துகளுக்குக் கூடாரமாகும். தண்ணீர் வடியாமலே சில ஆண்டுகள் நின்றால் அவையும் மூழ்கி இற்றுப்போகும். மிச்சத்தை மஸ்க்ராட் என்னும் நீரெலி கடித்துத் தன் வீடு கட்டக் கொண்டுபோகும். கடைசியில் வெறும் ஏரி மிஞ்சும். அடுத்த வறட்சியில் சக்கரம் மறுபடியும் முதலிலிருந்து சுற்றும். அயோவா மாநிலத்து ஈகிள் ஏரிச் சதுப்பின் சேற்றை ஆராய்ந்து வான் டெர் வால்க், டேவிஸ் என்ற இருவரும் 1978-ல் எழுதிய கட்டுரையின்படி, மேல் ஐந்து சென்டிமீட்டர் சேற்றில் மட்டும் சதுர மீட்டருக்கு 20,000-க்கும் மேற்பட்ட விதைகள் இருந்தன. மானிடோபா ஏரிக்கரையில் உள்ள டெல்டா சதுப்பில் 1980-களில் பத்துத் தனிப் பாத்திகள் கட்டி, நிரப்பியும் வடித்தும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஏரியின் நீர்மட்டத்தை 1961 முதல் மதகு வைத்து ஒரே அளவில் நிறுத்திவிட்டதால், காய்ந்து நனையும் ஒழுங்கு குலைந்து, கலப்பினச் சம்பு ஒன்றே காடாக மண்டியது. தண்ணீர் குறையாமல் இருப்பது நல்லது என்று நினைக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு இது ஏற்கக் கடினமான செய்திதான்.

கோள் நிலத்தில் அந்த வறட்சியை மனிதர்கள் ஆண்டுதோறும் பெட்டிப் பறை வைத்து உண்டாக்குகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். அங்கே பனிப்பாறை விட்டுச்சென்ற நிலம், இங்கே கடலும் ஆறும் சேர்ந்து படியவைத்த நிலம். அங்கே ஐந்து மாதம் எல்லாம் உறைந்துபோகும். இங்கே சேட்டன் வாழ்நாளில் பனிக்கட்டியை மீன் பெட்டியில்தான் பார்த்திருப்பார். ஆனால் மஸ்க்ராட் செய்யும் வேலையை இங்கே அரிவாளும் டில்லரும் அறுவடைக்குப் பின் மேய வரும் வாத்துக் கூட்டங்களும் செய்கின்றன என்று தோன்றியது. அதற்குச் சான்று அடுத்த வளைவிலேயே கிடைத்தது. பங்காளிகளின் வழக்கினால் சில ஆண்டுகளாக நடவில்லாமல் கிடந்த ஒரு துண்டு நிலம் கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரையால் மூடிக் கிடந்தது. அதன்மேல் இரண்டு நீலத் தாழைக்கோழிகளைத் தவிர ஒன்றும் இல்லை. நட்டும் வடித்தும் கொண்டிருந்த பக்கத்துப் படவில் எண்ணி முடியாத அளவுக்குப் பறவைகள்.

தோணி போன கால்வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேட்டன் கழியை ஊன்றித் தள்ளும்போதெல்லாம் அடிச்சேற்றிலிருந்து குமிழிகள் கொத்தாக எழும்பி உடைந்தன. அழுகிய முட்டை வாடை ஒரு கணம் வந்து போயிற்று. காற்று புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. கரையோரம் தேங்கிய நீரில் துருவைக் கரைத்து ஊற்றியதுபோல் செம்பழுப்புப் படலம். பழைய கடற்சேற்றின் கந்தகமும் இரும்பும் இந்த மண்ணுக்குள் இருப்பதால், காற்றுப் பட்டுக் காயும்போது அமிலம் ஊறுகிறது. அதனால்தான் நடவுக்கு முன் சுண்ணாம்பு போடுகிறார்கள். ஆகவே வடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. மிதமிஞ்சிக் காயவிட்டால் மண் புளிக்கும். மறுபக்கம் சேற்றுவாக் கழிமுகம் வழியாக ஏறிவரும் உவர்நீரை ஏனாமாக்கல் ரெகுலேட்டர் தடுத்து நிறுத்துகிறது. வெள்ளம், உவர், அமிலம் ஆகிய மூன்றுக்கும் நடுவில் கோட்டைக் கிழித்து இந்த நெல் விளைகிறது என்பதைச் சேட்டன் கழியாலேயே தண்ணீரில் கோடு போட்டுக் காட்டினார்.

மீனைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை முதலில் இடித்துப் பெய்து, புழை வயலுக்குள் ஏறும் அந்தச் சில நாட்களில், விராலும் கெளுத்தியும் குறவையும் முட்டையிட வெள்ளத்தை எதிர்த்து ஏறி வரும். மலையாளத்தில் ‘ஊத்த’ என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஏத்து மீன். அந்தச் சமயத்தில் பிடிப்பதைக் கேரளச் சட்டம் தடுத்திருக்கிறது, பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெட் ஆற்றுப் பக்கத்தில் பைக் என்ற மீன் பனி உருகும் வெள்ளத்தில், மூழ்கிய புல்லுக்குள் போய் முட்டையிடும் என்று வின்னிபெக்கில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. ஆறு கரைக்குள் அடங்கி ஓடினால் இரண்டு மீனுக்கும் பிரசவ அறை இல்லை.

பறவைகளைப் பற்றி விரிவாக எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நீலச்சிறகி வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் வெகு தொலைவில், தொலைநோக்கியில் மிளகு தூவியதுபோல் தெரிந்தன. அருகில் கிடைத்தவை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, இலைக்கோழி. நத்தைகுத்தி ஒன்று எங்களுக்குப் பத்தடியில் நின்று, சேற்றிலிருந்து எடுத்த நத்தையைத் தண்ணீரில் வைத்து அமுக்கி, அலகின் நுனியைச் செருகி, ஓட்டை உடைக்காமலே சதையை மட்டும் உருவியதை முழுவதுமாகப் பார்த்தோம். பையன் மூச்சே விடவில்லை. நீலத் தாழைக்கோழியைச் சுற்றுலாப் பயணிகள் மயில்போல் படம் எடுத்துக்கொள்ள, நாற்றைப் பிடுங்கும் திருடன் என்று சேட்டன் திட்டித் தீர்த்தார். அவருக்குக் கால் ஏக்கர் இருக்கிறது.

இனிக் குறைகள். வாடகைத் தொலைநோக்கிகள் மூன்றில் இரண்டு உள்ளே பூசணம் பிடித்திருந்தன. உங்களிடம் இருந்தால் சொந்தமாகக் கொண்டுபோங்கள். உயிர்காப்பு மேலாடை ஆறு பேருக்கு நான்குதான் இருந்தது. அதில் குழந்தை அளவு ஒன்றும் இல்லை. ஆழம் குறைவுதானே என்று சமாதானம் சொன்னார்கள். கால்வாயின் நடுவில் கழி முழுவதும் இறங்கியதை நானே பார்த்தேன். கழிப்பறை தொடங்கும் இடத்தில் மட்டும் உண்டு. அதுவும் பூட்டிக் கிடந்தது. என் மனைவி சாவிக்காக ஒரு வீட்டுக்கு நடந்துபோனார். தாமதமாக வந்து சேர்ந்த தமிழ் வழிகாட்டி நல்ல பையன். பறவைகளின் பெயர்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நுனி நாக்கில் இருந்தன. ஆனால் நாற்பது இனம் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய இலக்கு. ஓய்ந்திருந்த வாத்துக் கூட்டத்தைப் படம் எடுக்க வசதியாகக் கிளப்பிவிடத் தோணியை நெருக்கச் சொன்னபோது சேட்டன் காது கேளாததுபோல் இருந்துவிட்டார். வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் பறவையை எங்கள் செல்போனுக்காக எழுப்புவது சேவையில் சேராது. இதை அங்கேயே சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

புட்டும் கடலையும் நன்றாக இருந்தன. சாயா மிக நன்றாக இருந்தது.

தண்ணீரின் கணக்கை விட்டுவிட்டுப் பறவைகளின் எண்ணிக்கையை இவர்கள் விற்கிறார்கள் என்பதுதான் என்னுடைய பெரிய மனக்குறை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த நிலம் எவ்வளவு தண்ணீரைத் தாங்கி நின்றது, 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இங்கே எதைத் தடுக்கிறது, சிம்மினி அணைத் தண்ணீர் எந்த மாதம் எந்தப் படவுக்கு வருகிறது என்பனவற்றைத் துண்டறிக்கையிலோ வழிகாட்டியின் பேச்சிலோ காணோம். ஓக் ஹம்மாக்கில் நுழைவுக் கூடமும் கண்காட்சியும் நேர்த்தியாக இருந்தன, கழிப்பறை பளபளத்தது. ஆனால் அந்த மண்ணில் வேலை செய்து பிழைத்த ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேட்கக் கிடைக்கவில்லை. இங்கே அது கிடைக்கிறது, வழிகாட்டி தாமதமாக வந்தால். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்; சேட்டனுக்குத் தனியாக ஐந்து.

திரும்பும்போது அவரிடம் கேட்டு, வடிந்த படவின் ஓரத்திலிருந்து இரண்டு கை சேறு தேங்காய்ச் சிரட்டையில் வாங்கி வந்தேன். “எந்தினா மாஷே, செடி ஒண்ணும் இல்லல்லோ அதில்?” என்று சிரித்தார். வீட்டுப் பின்கட்டில் பழைய வாளியில் அதைப் பரப்பி ஈரம் காயாமல் வைத்தேன். ஒன்பதாம் நாள் பச்சை ஊசிகள் தெரிந்தன. ஐந்தாவது வாரம் பையனும் நானும் குனிந்து எண்ணியபோது எண்பத்திரண்டு கன்றுகள்: பெரும்பாலும் கோரை, பிறகு குதிரைவாலிப் புல், நீர்க்கிராம்பு, ஓரத்தில் நான்கிலை விரித்து ஆரைக்கீரை. இன்னொரு சிரட்டைச் சேற்றை அதேபோல் வைத்து நான்கு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தியிருந்தேன். அதில் ஆறேழு கன்றுகள் மட்டுமே. வாளிகளைப் படம் எடுத்து நடத்துகிறவர்களுக்கு அனுப்பி, கனடா வாத்துக்குப் பதிலாக இதை முகப்பில் போடலாமே என்று எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது; வாத்து இன்னும் மாறவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் போங்கள், ஒரே நாளில் நிரம்பிய படவு, வடியும் படவு, நட்ட படவு மூன்றையும் பார்க்கலாம். பதிவு செய்யும்போது பெட்டிப் பறை ஓடும் வரம்பு வழியாகப் போகுமா என்றும், வயதான தோணிக்காரர் வருவாரா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம். கால்வாய்த் தண்ணீர் தெறித்த இடத்தில் ஏறிய துருக்கறை எலுமிச்சைக்கும் மசியாமல், என் வேட்டிக் கரையை ஒட்டி இன்னும் இருக்கிறது.